ஆளுக்கொரு கால்

நான் வெளிநாடு போனது ஒரே ஒரு முறை. போன ஊர் சென்னப்பட்டணம்.

சிரிக்க வேண்டாம். அப்போது பழவேற்காட்டில் டச்சுக்காரர் என்கிற ஒல்லாந்தர் கொடி பறந்தது. சென்னப்பட்டணத்தில் இங்கிலீஷ்காரர் கொடி. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை நாள் தண்ணீர் வழிதான். அங்கேயும் தமிழ்தான் பேசினார்கள், அங்கேயும் மீனைக் கழுவித்தான் குழம்பு வைத்தார்கள். ஆனாலும் ராச்சியம் வேறு. நாங்கள் நாலு பேர் அந்த வேற்று ராச்சியத்துக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போனோம். ஏரியில் மீனும் இறாலும் பிடிக்கிறவர்களுக்குக் குதிரைப் பந்தயத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் ஊர்க் குதிரையிலிருந்து தொடங்க வேண்டும்.

பழவேற்காட்டில் அப்போது இருந்ததே ஒரு குதிரைதான். ஒல்லாந்து துரையின் குதிரை. துரை எவ்வளவு கனமோ, குதிரை அவ்வளவு கிழம். கடைத்தெருவில் வைக்கோல் கட்டு கண்ணில் பட்டால் நின்றுவிடும். அது தின்று முடிக்கும் வரை துரை அதன்மேல் உட்கார்ந்தபடியே தொப்பியால் விசிறிக்கொண்டிருப்பார். அந்தக் குதிரை ஓடி யாரும் பார்த்ததில்லை. ஆகவே, ஏரியைச் சுற்றியிருந்த எங்கள் ஊர்களில் குதிரை ஓட்டத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் கிடையாது.

கண்ணால் காணாத அந்தச் சங்கதியைப் பற்றித்தான் என் நைனாவும் மாமாவும் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

நைனா என் அப்பா, மாமா என் அம்மாவின் அண்ணன். மாமாவின் மகளைத்தான் நான் கட்டியிருந்தேன். கல்யாணமாகி அப்போது ஐந்து மாதம். ஏரிக்கு நடுவே பசியாவரத்தில் எங்கள் குடிசையும் அவர்கள் குடிசையும் ஒட்டினாற்போல் இருந்தன. நைனாவும் மாமாவும் ஒரே தோணியில் தொழிலுக்குப் போகிறவர்கள். ஒருவரை ஒருவர் ‘மச்சான்’ என்றுதான் கூப்பிடுவார்கள், திட்டும்போதுகூட.

ஐப்பசி மழையில் ஏரிக்குப் போக முடியாமல் இருவரும் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மாமாதான் ஆரம்பித்தார்.

“மச்சான், குதிரை ஓடச்சொல்ல நாலு காலும் தரையில படாதாம். அந்தரத்துல போவுமாம்.”

“எவன் சொன்னான்?”

“துரை வூட்டு சமையக்காரன்.”

“அவன் இன்னா, குதிரைக்கா சமைக்கிறான்?” என்றார் நைனா. “காலு ஊணாம எப்டி ஓடும்? வவுத்தால ஓடுமா? நண்டுக்குப் பத்து காலு கீது. எப்பனா பத்தையும் தூக்கிக்கினு போயி பாத்துக்கீறியா?”

“நண்டும் குதிரையும் ஒண்ணா மச்சான்?”

“காலு காலுதான்.”

அன்றைக்கு மாலைக்குள் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீபாவளி கழிந்தது, கார்த்திகை கழிந்தது, தீரவில்லை. தோணியில் ஒருவர் துடுப்புப் போட்டால் இன்னொருவர் எதிர்த்திசையில் போடுவார். என் பெண்டாட்டி அவள் அப்பா பக்கம். சோறு போடும்போது என்னைப் பார்த்து, “நீ யாரு பக்கம்?” என்பாள். நான் எந்தப் பக்கமும் இல்லை என்பேன். தைரியம் இல்லாதவன்தான் அப்படிச் சொல்வான் என்றாள். அது சரிதான். சோறு அவள் கையில் இருந்தது, தோணி அவர்கள் கையில் இருந்தது, நான் என்ன செய்ய?

மார்கழியில் கருவாடு வாங்க வந்த பட்டணத்து வியாபாரி ஒருவர், பொங்கல் கழிந்து கிண்டியில் வெள்ளைக்காரர்கள் குதிரைப் பந்தயம் விடுவார்கள் என்றும், ஊர்ச்சனம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று சும்மா பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். நைனாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

“போயி பாத்துருவோம்,” என்றார் மாமா.

“பாத்துருவோம்,” என்றார் நைனா.

தோணிக்குக் கை வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். என் பெண்டாட்டியை யாரும் கூப்பிடவில்லை. அவள் தானாகவே மூட்டை கட்டினாள்.

“நீ எதுக்கும்மே?” என்றார் நைனா.

“ரெண்டு பேரும் திரும்பி வந்து, நான் சொன்னதுதான் சரின்னு ஆளுக்கொண்ணு சொல்வீங்க. இவரு வாயத் தொறக்க மாட்டாரு. அப்பால யாரு மாமா நெசத்த சொல்றது?”

என் நைனா அவளுக்கு மாமா; அவள் மூட்டையையும் தூக்கித் தோணியில் வைத்தார். அம்மா மட்டும் ஊரில் தங்கினாள். இவர்கள் நாலு பேரும் ஏழெட்டு நாள் கண்ணில் படாமல் இருப்பதே தனக்குத் திருவிழா என்றாள்.

விடியும் முன் புறப்பட்டு, காட்டுப்பள்ளியை ஒட்டிய உப்பங்கழி வழியாகத் தோணி தள்ளி, பொழுது சாய எண்ணூர் சேர்ந்தோம். எண்ணூரிலிருந்து பட்டணம் வரை இங்கிலீஷ்காரர் ஒரு கால்வாய் வெட்டியிருந்தார்கள். மறுநாள் காலை அதன் முகப்பில் இருந்த சாவடியில் ஒரு சேவகன் எங்களை நிறுத்தினான். முன்னால் ஒரு பெரிய புத்தகம், காதில் இறகுப் பேனா.

“எந்த ஊரு?”

“பசியாவரம்,” என்றேன்.

“அது எங்க கீது?”

“பழவேற்காட்டு ஏரிக்குள்ள.”

அவன் எழுதுவதை நிறுத்தி எங்களை நிமிர்ந்து பார்த்தான். “அப்ப நீங்க ஒல்லாந்து ராச்சியமா?”

அதுவரை அப்படி எங்களை யாரும் கேட்டதில்லை. ஒல்லாந்தரைப் பற்றி நைனா ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஆள் இல்லாத ராச்சியம், கப்பல் வராத துறைமுகம் என்று தினமும் ஏசுவார். அப்பேர்ப்பட்டவர் இப்போது வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, “ஆமா. ஒல்லாந்து,” என்றார்.

சேவகன் எழுதினான். பாதிரியார் பள்ளியில் படித்திருந்ததால் எனக்குத் தலைகீழாக இருந்தாலும் எழுத்து புரிந்தது. ‘ஒல்லாந்தர் நால்வர். அதில் பெண் ஒருத்தி.’

வாசித்துச் சொன்னேன். “நானுமா?” என்றாள் என் பெண்டாட்டி.

“நீயுந்தான்.”

அவள் கொண்டையை ஒரு தரம் அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்த வினாடியிலிருந்து அந்த இரண்டு கிழவர்களையும் பிடிக்க முடியவில்லை. தோணியை எண்ணூரில் விட்டுவிட்டுக் கால்வாய்ப் படகில் ஏறினோம். கரையில் ஆட்கள் கயிறு கட்டி அந்தப் படகை இழுத்துப் போனார்கள். “இன்னாது இது, நூல் புடிச்சா மாதிரி நேரா போவுது? தண்ணின்னா கொஞ்சம் வளைஞ்சு போவ வேணாவா?” என்று நைனா இங்கிலீஷ்காரரின் தண்ணீரைக் குறை சொன்னார். “எங்க ஒல்லாந்துல இப்டி இல்ல,” என்றார் மாமா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எண்ணெய் வியாபாரியிடம். அந்த ஒல்லாந்து எது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாமா பசியாவரத்தைத்தான் சொல்லியிருப்பார்.

பட்டணத்துக்கு வடக்கே கடற்கரைக் குப்பம் ஒன்றில் எங்களுக்குத் தூரத்து உறவு இருந்தது. அங்கே தங்கினோம். நைனாவுக்குத் தெரிந்த ஒல்லாந்துச் சொல் ஒன்றே ஒன்று. துரை வீட்டுக் கொல்லையில் கூரை மாற்றப் போனபோது கற்றது. இறங்கிய கொஞ்ச நேரத்தில், உறவுக்காரர்கள் பத்துப் பேர் கூடியிருக்கும்போது, அவர் கம்பீரமாக, “கக்கூசு எங்க?” என்றார்.

அவர்களுக்குப் புரியவில்லை. ஏதோ பெரிய மனிதரின் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர், “அவுரு இப்ப கோட்டையில இருப்பாரு,” என்றார்.

பந்தயத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வந்ததுதான் வந்தோம், ஊரைப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. முதல் நாள் காலை கோட்டையைப் பார்க்கப் போனோம். உள்ளே விடவில்லை, அகழிக்கு வெளியே நின்று பார்த்தோம். மதில் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எங்க கோட்டை இத்தவிடப் பெருசு,” என்றார்.

எங்கள் ஊரைக் கொஞ்ச காலம் பிடித்து வைத்திருந்தபோது எங்கள் கோட்டையை இங்கிலீஷ்காரர் வெடி வைத்துத் தகர்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மாமா வீட்டு அடுப்புக்குச் செங்கல் அங்கிருந்துதான் வந்தது. அதை அவருக்கு நினைவூட்டினேன்.

“அது நின்னுக்கினு இருக்கச்சொல்ல பெருசுடா,” என்றார்.

நைனா மதிலைப் பார்க்கவே இல்லை. அகழியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, தண்ணீரில் எச்சில் துப்பி, அதைத் தின்ன எது மேலே வருகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார். காவல் சிப்பாய் வந்து விரட்டும்வரை எழுந்திருக்கவில்லை. “கெளுத்தி கீது மச்சான். நல்ல கெளுத்தி. இவனுங்களுக்குத் தெரியவே தெரியாது,” என்றார். சென்னப்பட்டணத்துக் கோட்டையைப் பற்றி என் நைனா ஆயுள் முழுக்கச் சொன்னது அவ்வளவுதான்.

கடற்கரையில் கப்பல்கள் வெகுதூரத்தில் நின்றன. கரைக்கு வர அவற்றுக்கு வழி இல்லை. வெள்ளைக்காரத் துரைமாரும் சீமாட்டிகளும் படகில் ஏறி, அலையில் முங்கி எழுந்து, நனைந்த கோழி மாதிரி கரையில் இறங்கினார்கள். சிலரைப் படகோட்டிகள் தோளில் தூக்கி வந்தார்கள். ஒரு சீமாட்டி தொப்பிக்குள் இருந்து தண்ணீரைக் கொட்டினாள். மாமா அதைக் கண்கொட்டாமல் பார்த்தார். “இவ்ளோ பெரிய ராச்சியம், ஒரு முகத்துவாரம் கூட இல்லையே மச்சான்,” என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். எங்களுக்கு இருந்தது. அதில் கப்பல் வராது என்பது வேறு விஷயம்.

தெருவெல்லாம் குதிரை வண்டிகள். அங்கேயே சண்டையைத் தீர்த்துவிடலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். வண்டியில் பூட்டிய குதிரை கணக்கில் வராது என்றார் நைனா; அது ஓடவில்லை, அவசரமாக நடக்கிறதாம். மாமாவும் தலையாட்டினார். இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தெருமுனையில் முடித்துக்கொள்ள இருவருக்கும் மனம் இல்லை.

இரண்டாம் நாள் எங்கே போகலாம் என்று என் பெண்டாட்டியைக் கேட்டேன். வளையல் கடை, துணிக்கடை, பெரிய கோயில் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

“மீன் அங்காடி,” என்றாள்.

பிறந்ததிலிருந்து மீனோடு கிடக்கிறவள், வெளிநாட்டுக்கு வந்தும் மீன் பார்க்க வேண்டும் என்கிறாளே என்று சிரித்தேன். ஆனாலும் போனோம். அங்கே ஒரு நடுவயதுப் பெண் கூடையில் இறால் குவித்துவைத்துக் கூவிக்கொண்டிருந்தாள். “பழவேற்காட்டு எறா! பழவேற்காட்டு எறா!”

என் பெண்டாட்டி குனிந்து ஓர் இறாலை எடுத்து, முதுகைப் பார்த்தாள், மீசையைப் பார்த்தாள். எங்கள் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையாலேயே இறால் பிடிக்கிறவள் அவள்.

“இது பழவேற்காட்டு எறாவா?”

“பின்ன இன்னா?”

“இது எண்ணூரு எறா. நானே பழவேற்காடுதான். எங்கிட்டயே காது குத்துறியா?”

சண்டை வரப்போகிறது என்று நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். ஆனால் அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. என் பெண்டாட்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

“மெய்யாலுமே பழவேற்காடா? ஒல்லாந்து?”

“ஆமா.”

“அய்யே, ஏன் வெயில்ல நிக்கிற? இப்டி நெழலுல வந்து குந்து.”

பாயில் நகர்ந்து இடம் விட்டாள். என் பெண்டாட்டி உட்கார்ந்தாள். வெற்றிலை வந்தது. எங்கள் ஊர் இறால் என்றால் சீமைச் சரக்கு மாதிரி, அதனால் கிராக்கி, அதனால்தான் அப்படிக் கூவுகிறேன் என்று அவள் விளக்கினாள். சற்று நேரத்தில் ஒரு சமையல்காரர் வந்து கூடையைச் சந்தேகமாகக் கிளறினார்.

“நெஜமா பழவேற்காட்டு எறாதானா?”

“இந்தா, ஒல்லாந்துப் பொண்ணே கூட வந்து குந்திக்கீது. கேட்டுக்க.”

என் பெண்டாட்டி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெசத்தைச் சொல்வதற்காகவே எங்களோடு கிளம்பி வந்தவள் அவள்.

“எங்க ஏரி எறாதான்,” என்றாள். “பாத்தாலே தெரியலையா?”

திரும்பி நடக்கும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். எண்ணூர் இறாலும் பெரியதாகிறபோது எப்படியும் நம் பக்கம் ஒரு நடை வந்துதான் போகும் என்றாள். பிறகு, “எம்மாம் மரியாதையா எடம் வுட்டா, பாத்தியா?” என்றாள்.

பந்தய நாள் விடிந்தது. கிண்டிக்கு நல்ல தூரம். முதல் பந்தயத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்று இருட்டோடு நடக்கத் தொடங்கினோம். போய்ச் சேர்ந்திருப்போம், நடுவில் சைதாப்பேட்டைப் பாலம் இல்லாமல் இருந்திருந்தால். பாலத்துக்குக் கீழே ஆற்றில் ஒருவர் வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்தார். நைனா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தார். வலை விரியாமல் கட்டியாக விழுந்தது. இரண்டாம் முறையும் அப்படியே.

“வா மச்சான், நேரமாவுது,” என்றார் மாமா.

மூன்றாம் முறையும் வலை கட்டியாக விழுந்தபோது நைனாவுக்குப் பொறுக்கவில்லை. சரசரவென்று கரையில் இறங்கிப் போய், அந்த மனிதர் கையிலிருந்து வலையைக் கிட்டத்தட்டப் பிடுங்கினார். முழங்கையில் ஒரு மடிப்பு, தோளில் ஒரு மடிப்பு. வீசினார். வலை முழு வட்டமாக விரிந்து இறங்கியது. பாலத்தில் போய்க்கொண்டிருந்த சிலர் நின்று பார்த்தார்கள். அது போதும் அவருக்கு. இன்னொன்று வீசினார். பிறகு அந்த மனிதரை வீசச் சொல்லித் திருத்தினார். பிறகு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். பந்தயத்துக்குப் போகிற சாரட்டுகள் எங்கள் முதுகுக்குப் பின்னால் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

“தோத்துருவோம்னு பயம்,” என்றார் மாமா என்னிடம், கீழே கேட்கும்படி. “அதான் தண்ணிக்குள்ள போயி ஒளிஞ்சிக்கிறாரு.”

அது வேலை செய்தது. நைனா ஈரம் சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்தார்.

கிண்டியில் நாங்கள் கேட்ட முதல் செய்தி, முக்கியமான ஓட்டங்கள் முடிந்துவிட்டன, இன்னும் ஒன்றுதான் பாக்கி என்பது. அந்தப் பக்கம் கூடாரங்களும் குடைகளும் பாண்டு வாத்தியமும். இந்தப் பக்கம், கயிற்றுக்கு வெளியே, நாங்களும் எங்களைப் போல ஆயிரம் பேரும். குதிரைகள் தூரத்தில் பளபளவென்று நின்றன. எங்கள் துரையின் குதிரையும் இவையும் ஒரே சாதி என்று நம்ப முடியவில்லை.

அப்போதுதான் என் பெண்டாட்டி அந்த யோசனையைச் சொன்னாள்.

“குதிரைக்கு நாலு காலு. நாம நாலு பேரு. ஒரே குதிரைய வெச்சிக்குவோம். ஆளுக்கொரு காலு பாருங்க. அவங்கவங்க காலு தரைய வுட்டுத் தூக்கறச்சொல்ல அவங்கவங்க கைய தூக்கணும். நாலு கையும் ஒரே நேரத்துல மேல போச்சுன்னா எங்க நைனா கெலிச்சாரு. போவலன்னா மாமா கெலிச்சாரு.”

அவளுக்கு நைனா என் மாமா, மாமா என் நைனா. இரண்டு கிழவர்களும் அவளை மரியாதையோடு பார்த்தார்கள். கரிய குதிரை ஒன்றைத் தேர்ந்தோம். அதன் சவாரிக்காரர் மஞ்சள் சட்டை போட்டிருந்தார். முன்னங்கால் இரண்டையும் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சோத்தாங்கைப் பக்கத்துப் பின்னங்காலை என் பெண்டாட்டி எடுத்துக்கொண்டாள். மிச்சம் இருந்த பீச்சாங்கைப் பக்கத்துப் பின்னங்கால் எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் எந்தப் பங்கீட்டிலும் எனக்கு வருவது அப்படிப்பட்டதுதான்.

அதற்குள் எனக்கு ஒரு சந்தேகம். நாலு பேரும் குதிரையைப் பார்த்தால், எங்கள் கைகளை யார் பார்ப்பது? பக்கத்தில் ஓர் அம்மாள் பானையில் நீர்மோர் விற்றுக்கொண்டிருந்தாள். என் பெண்டாட்டி அவளிடம் போய் எல்லாவற்றையும் விளக்கி, எங்கள் கைகளை மட்டும் பார்க்கச் சொன்னாள்.

“குதிரைய பாக்கக் கூடாதா?” என்றாள் அந்த அம்மாள்.

“நீ தெனமும் பாக்கறதுதானே? எங்களப் பாரும்மா.”

சரி என்று அவள் எங்களைப் பார்த்து உட்கார்ந்தாள்.

தூரத்தில் ஏதோ சத்தம் கேட்டது. சனம் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தது. முதலில் எனக்குக் குதிரை தெரியவில்லை, உள்ளங்காலில்தான் தெரிந்தது. தரை அதிர்ந்தது. ஏரியில் புயலுக்கு முன்பு தோணியின் அடிப்பலகை அதிருமே, அதுபோல. பிறகு வளைவில் எல்லாமாகச் சேர்ந்து வந்தன. கரிய குதிரை நடுவில் இருந்தது. கழுத்தை நீட்டி, வாயில் நுரை, கண்ணில் வெள்ளை. என் கால் எது, அடுத்தவர் கால் எது என்று பார்க்கிற மாதிரியா இருந்தது அது? எனக்குப் பின்னங்கால் மறந்துபோயிற்று. குதிரையையே ஒரு கணம்தான் பார்த்தேன். நான் திரும்பி என் பெண்டாட்டியைப் பார்த்தேன். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, யாருக்கென்று தெரியாமல் “போ! போ! போ!” என்று கத்திக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதத்தில், அதற்கு முன்னால் பக்கத்துக் குடிசையில் கண்ட இருபது வருஷத்தில், அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. குதிரைகள் கடந்து போன பிறகும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புழுதி அடங்கியபோது நைனாவைக் காணவில்லை.

அவர் கீழே இருந்தார். நாங்கள் கவனிக்காத நேரத்தில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, குளம்புக்கும் மண்ணுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்திருக்கிறார். எங்கள் நாலு பேரில் வந்த வேலையை நினைவில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பலன், எட்டுக் குதிரைகளின் புழுதியும் அவர் கண்ணில். எழுந்து உட்கார்ந்து, கண்ணைத் திறக்க முடியாமல், “தெரிஞ்சுதா? தெரிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் மோர்க்கார அம்மாளைப் பார்த்தேன்.

“ஒரு கையும் மேல போவல,” என்றாள். “ஒருத்தர் படுத்துக்கினாரு. மிச்ச மூணு பேரும் வாயப் பொளந்துக்கினு நின்னீங்க.”

நைனாவின் கண் சிவந்து வீங்கிவிட்டது. மாமா பதறிப்போனார். சண்டையெல்லாம் எங்கே போயிற்றோ. “மச்சான், கண்ண கசக்காத மச்சான்,” என்று கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் தேடி நடந்தார். குதிரைகளைக் கட்டியிருந்த தோப்புப் பக்கம் தொட்டி இருந்தது. குதிரைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து இரக்கப்பட்டு, வாளியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். மாமா நைனாவின் தலையை மடியில் சாய்த்து, உள்ளங்கையில் நீர் எடுத்து எடுத்துக் கண்ணைக் கழுவினார்.

கண் கொஞ்சம் திறந்ததும் நைனா கேட்ட முதல் கேள்வி குதிரைக்காரரிடம். “ஐயா, உங்களுக்குத் தெரியாம இருக்காது. குதிரை ஓடச்சொல்ல நாலு காலும் தரைய வுடுதா, இல்லியா?”

அவர் வெகுநேரம் யோசித்தார். பிறந்ததிலிருந்து குதிரையோடு இருப்பவராம். “தெரியலியே,” என்றார். “நான் அதுக்குப் புல்லு போடறேன், தேச்சி வுடறேன். அது ஓடச்சொல்ல நான் இங்க தோப்புல நிப்பேன். நிக்கிற குதிரையத்தான் எனக்குத் தெரியும்.”

அவருடைய குதிரை நாங்கள் பார்த்த அந்தக் கரிய குதிரைதான். வியர்வையில் நனைந்து, வயிறு ஏறி இறங்க நின்றது. தொட்டுப் பாருங்கள் என்றார். மாமா பின்வாங்கினார். நைனா கண்ணை இடுக்கிக்கொண்டு முன்னால் போய், அதன் நெஞ்சில் கையை வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை.

“எப்டிக் கீது மச்சான்?” என்றார் மாமா.

“அடிச்சிக்குது. வலையிலேருந்து எடுத்த மீனு மாதிரி. தோத்துடுச்சு போல, பாவம்.”

“கெலிச்சது அதுதாங்க,” என்றார் குதிரைக்காரர்.

மறுநாள் திரும்பும் படகில் இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். நைனாவின் கண்ணில் ஈரத்துணி கட்டியிருந்தது. பிறகு நைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“மச்சான், பெரிய மனசு பண்ணிச் சொல்றேன். நீ சொன்னதுதான் சரி. தரைக்கும் காலுக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சுது. நாலும் மேலதான் இருந்துச்சு.”

தன்னைத் தாங்கிப் பிடித்துக் கண் கழுவிவிட்ட மனிதனுக்கு அவர் கொடுக்கக்கூடிய ஒரே பரிசு அது. அவர் கண்ணில் புழுதியைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மாமா அந்த ஈரத்துணியை இழுத்துச் சரியாகக் கட்டிவிட்டார்.

“இல்ல மச்சான். நான் பாத்தேன். ஒரு காலு ஊணித்தான் இருந்துச்சு. நீ சொன்னதுதான் சரி.”

“நான் படுத்துப் பாத்தேன்யா. மேல இருந்துச்சு.”

“நான் நின்னு பாத்தேன். ஊணியிருந்துச்சு.”

“கண்ணு போனாலும் பரவால்லன்னு பாத்தவன் சொல்றேன், நீ இன்னா சொல்ற?”

“புழுதி பூந்த கண்ணுல இன்னாத்த பாத்திருப்ப?”

எண்ணூர் வருவதற்குள் இருவரும் படகின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கம் மாறியிருந்தது, அவ்வளவுதான். நைனா சாகும்வரை குதிரை அந்தரத்தில் பறக்கும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நண்டை எடுத்துக்காட்டுவது மாமாவின் வேலையாயிற்று.

என் பெண்டாட்டி படகுக்கு வெளியே கையை விட்டுத் தண்ணீரைத் துழாவியபடி என் பக்கத்தில் இருந்தாள். யாருக்கும் கேட்காமல், “நீ இன்னா பாத்த?” என்றாள்.

“பீச்சாங்கைப் பக்கத்துப் பின்னங்காலு,” என்றேன்.

“பொய்யி. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்.”

எனக்குக் காது சுட்டது. அவளும் குதிரையை விட்டு என்னைப் பார்த்திருக்கிறாளா, அல்லது சும்மா போட்டு வாங்குகிறாளா என்று அப்போதும் தெரியவில்லை, பிறகும் கேட்கவில்லை. கரையில் கயிறு இழுப்பவர்கள் ஒரே சீராக நடந்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

“தெக்கால தரங்கம்பாடின்னு ஒரு ஊரு கீதாமே. அது டேனிஷ்காரன் ராச்சியமாம். மீன் அங்காடி அக்கா சொல்லிச்சு.”

“அதுக்கு இன்னா இப்ப?”

“அங்க இன்னா பந்தயம் வுடுவாங்கன்னு கேட்டுக்கினு வா.”

நான் சரி என்று தலையாட்டினேன்.